8 சர்வரில் ஒன்றை விட்டதால் 46 கோடி டாலர் காலி: சாஃப்ட்வேர் மாணவர்களுக்கு ‘மனிதத் தவறு’ பாடம் ஏன் தேவை?

2012 ஆகஸ்ட் 1. அமெரிக்கப் பங்குச்சந்தை திறந்து 45 நிமிடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் நைட் கேப்பிட்டல் நிறுவனத்தின் கணினிகள் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளைத் தாறுமாறாகச் செய்து முடித்துவிட்டன. நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல்.

ஹேக்கர் வேலையா? இல்லை. புதிய புரோகிராமை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டிய ஊழியர், ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். அதில் பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய புரோகிராம் விழித்துக்கொண்டது.

கோடிங், டெஸ்டிங் எல்லாம் கல்லூரியில் பாடமாக இருக்கு. ஆனால் கோடு எழுதுகிற மனிதர் எப்படித் தவறுகிறார் என்பது பல நேரம் ‘கவனமா செய்யுங்க’ என்ற அறிவுரையோடு முடிந்துவிடுகிறது. அது ஏன் போதாது?

தவறு எல்லாம் ஒரே ரகமா?

இல்லை என்கிறார் 1990-ல் மனிதத் தவறுகள் பற்றி நூல் எழுதிய பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன். அவர் பிரித்ததை எளிமையாக இப்படிச் சொல்லலாம்.

மறதி: நைட் கேப்பிட்டலில் நடந்தது இதுதான். செய்யத் தெரியும், ஒரு படி விட்டுப்போச்சு.

கைத்தவறு: 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் துணை சர்வரில் கொடுக்க வேண்டிய அழிப்பு உத்தரவை, முதன்மை சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்தும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபிதான்.

தப்பான புரிதல்: 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்தது. ஒரு தரப்பு பவுண்டு அளவில் தந்த எண்ணை, மறுதரப்பு நியூட்டன் அளவு என எடுத்துக்கொண்டது.

அப்போ எதைச் சொல்லித் தரணும்?

ஒவ்வொரு ரகத்துக்கும் மருந்து வேறு. மறதிக்கு செக்லிஸ்ட், அல்லது அந்த வேலையையே தானியங்கியாக மாற்றுவது. கைத்தவறுக்குத் தடுப்பு: அழிக்கும் முன் சர்வர் பெயரை டைப் செய்யச் சொல்லும் ஏற்பாடு.

புரிதல் பிழைதான் கஷ்டம். தப்பாகப் புரிந்துகொண்டவரே டெஸ்டும் எழுதினால், அதிலும் அதே தப்பு இருக்கும். டெஸ்ட் பாஸ் ஆகிவிடும்! அதனால்தான் இன்னொருவர் பார்ப்பது அவசியம்.

தப்பு யார் மேல்?

நைட் கேப்பிட்டலில் அந்த ஊழியரின் வேலையை இரண்டாவது ஆள் சரிபார்க்கவில்லை. சரிபார்க்கணும் என்று எழுதிவைத்த விதியும் இல்லை. சந்தை திறக்கும் முன்பே, பிழையைக் குறிப்பிட்டு 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. யாரும் அதன் மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணைய விசாரணையில் இவை வெளிவந்தன. ஒருவரைக் கைகாட்டியிருந்தால் இந்த ஓட்டைகள் அப்படியே இருந்திருக்கும்.

கிட்லேப் எங்கே சறுக்கியது என்பதைத் தானே விரிவாக வெளியிட்டது. இன்று மற்றவர்களுக்கு அது பாடம்.

வகுப்பறையிலும் இதைச் செய்யலாம். என்ன தவறு, எந்த ரகம், எது தடுத்திருக்கும் என மாணவர்கள் ஒரு நோட்டில் எழுதலாம். அதற்கு மதிப்பெண்ணும் தரலாம். மார்க் குறையும் என்ற பயத்தில் தவறை மறைத்துப் பழகுபவர், நாளை வேலையிலும் மறைப்பார். அங்கே போவது மார்க் மட்டுமாக இருக்காது.