மீனின் அளவறிந்து தொட்டி வாங்குவோம்

கூண்டுக் கிளியைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நாம் எல்லோரும் கண்ணீர் மல்க எழுதிவிடுவோம். ஆனால் நம் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் கிடக்கும் மீனுக்காக நாம் வருந்துவதில்லை. கிளி கத்தும், மீன் கத்தாது. அதுதான் காரணம் போலும்.

என் பதின்மூன்றாவது பிறந்த நாளுக்கு அப்பா இரண்டு 'ஷார்க்' மீன்கள் வாங்கித் தந்தார். பெயர்தான் சுறா, உண்மையில் அது கெளுத்தி இனம். ஆசியாவின் மாபெரும் ஆறுகளுள் ஒன்றான மீகாங் அதன் தாயகங்களில் ஒன்று. அன்று அவை என் விரல் நீளமே இருந்தன. தொட்டியோ 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். "இது போதுமா?" என்று அப்பா கேட்டார். "மீன் தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் சார் வளரும்" என்றார் கடைக்காரர். நாங்களும் நம்பினோம்.

ஒன்றரை ஆண்டில் அவை ஓர் அடி நீளம் வளர்ந்துவிட்டன. ஓர் அடி அகலத் தொட்டியில் ஓர் அடி மீன் எப்படித் திரும்பும்? உடலை வில்லாக வளைத்து, வாலால் கண்ணாடியை உரசிக்கொண்டு திரும்பும். ஒரு நாள் இரவு மின்சாரம் போய்த் திரும்ப வந்தது. விளக்கு பளிச்சென்று எரிந்ததும் ஒரு மீன் மிரண்டு பாய்ந்து கண்ணாடியில் மோதியது. மூக்கெல்லாம் இரத்தம். காலையில் அது செத்து மிதந்தது.

நான் அழுதேன். என் தம்பியோ, "வாரத்தில் நாலு நாள் மீன் குழம்பு சாப்பிடுகிறோமே, இந்த மீனுக்கு மட்டும் ஏன் அக்கா அழுகிறாய்?" என்று கேட்டான். கடலூரில் பிறந்த எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பல நாள் யோசித்தேன். கடல் மீன் வலையில் படும் நாள்வரை விரும்பிய திசையில் நீந்துகிறது. என் மீனோ நாள்தோறும் சிறையிருந்தது. உணவுக்காகப் பிடிப்பது வேறு. வளர்க்கிறேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டு வதைப்பது வேறு. இதுவே நான் கண்ட விடை.

கடைக்காரர் சொன்னது தவறு என்பதைப் பிறகுதான் அறிந்தேன். இடநெருக்கடியிலும் கெட்டுப்போன நீரிலும் சில மீன்கள் வளர்ச்சி குன்றிப் போகும். அது நோய். அதைத் 'தொட்டிக்குத் தகுந்த வளர்ச்சி' என்பது, பசியால் மெலிந்த குழந்தையைப் பார்த்து, 'சட்டைக்குத் தகுந்தபடி வளர்ந்திருக்கிறது' என்பது போலாகும்.

நாம் படித்த கணக்கையே இங்கே போட்டுப் பார்ப்போம். 3 அங்குல மீன் 12 அங்குலமானால் நீளம் 4 மடங்கு. எடையோ 4×4×4, அதாவது ஏறக்குறைய 64 மடங்கு! தொட்டித் தண்ணீர் மட்டும் அதே 56 லிட்டர்தான். மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மீன் பெருத்துத் தண்ணீர் பெருகாவிட்டால் அதுவே அதற்கு நஞ்சாகிறது. மேலும், நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும். நம் ஊர்ச் சித்திரை வெயிலைச் சொல்லவும் வேண்டுமோ?

எனவே, கடையில் காணும் மீனை அளக்காதீர்கள். அது வளர்ந்தபின் எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள். தொட்டியின் நீளம் அதைப் போல் 4 மடங்காவது இருக்க வேண்டும். அகலம் மீனின் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் அது தாராளமாகத் திரும்பும். ஓர் அடி வளரும் ஆஸ்கர் மீன் ஒன்றுக்கு 4 அடி நீளமும் 1½ அடி அகலமும் 1½ அடி உயரமும் தேவை. அது 9 கன அடி. ஏறக்குறைய 255 லிட்டர். தண்ணீர் மட்டுமே 255 கிலோ கனக்கும். சாதாரண மேசை தாங்காது. 3 அடி வளரக்கூடிய வெள்ளி அரவானாவுக்கு 12 அடி நீளத் தொட்டி வேண்டும். ஷார்க் மீனோ 4 அடி வரையிலும் வளரக்கூடியது. நம் வீடுகளில் அதற்கு ஏது இடம்?

இத்தாலியில் மோன்சா நகரம் 2004-லும் ரோம் நகரம் 2005-லும் உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் மீன் வளர்ப்பதையே தடை செய்தன. சின்னஞ்சிறு தங்க மீனுக்காக ஒரு மாநகரம் சட்டம் இயற்றியிருக்கிறது என்றால், நாம் சற்றே சிந்திக்கக் கூடாதா?

மிஞ்சிய மீனைக் கெடிலத்தில் விட்டுவிடலாம் என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னார். நானும் வாளியை எடுத்துவிட்டேன். நல்ல வேளையாக எங்கள் அறிவியல் ஆசிரியை தடுத்தார். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கப்படும் தென் அமெரிக்க 'சக்கர்' மீன், இப்படி வெளியே விடப்பட்டுத் தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பெருகி மீனவர்களுக்குத் தொல்லையாகிவிட்டது என்று விளக்கினார். 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகிக் கடலூருக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. ஆற்றில் விட்ட மீன் எந்த ஏரிக்குப் போகும், எந்தக் குளத்துக்குப் போகும் என்று யார் சொல்ல முடியும்?

சிதம்பரத்தை அடுத்த சிற்றூரில் என் மாமாவின் வயலில், பம்ப் செட் தண்ணீர் விழும் பெரிய சிமெண்ட் தொட்டி இருக்கிறது. நீளம் 15 அடி. மேலே வலை கட்டி, மீனை அதில் விட்டோம். வெகுநேரம் அது அசையவில்லை. பிறகு இரண்டடி சென்று, உடலை வளைத்துத் திரும்பியது. மீண்டும் இரண்டடி, மீண்டும் திரும்பியது. அங்கே கண்ணாடி இல்லை என்பது அதற்குத் தெரியவில்லை! மறுநாள் காலையில்தான் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நேராக நீந்திச் சென்றது. அதைக் கண்டு நான் மகிழவில்லை, வெட்கப்பட்டேன்.

தோழியரே, மீன் வளர்க்கவே கூடாது என்பது என் கருத்தன்று. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். இரண்டடித் தொட்டிதான் முடியும் என்றால், ஒன்றரை அங்குலமே வளரும் நம் நாட்டு வரிக்குதிரை மீன்கள் ஆறு போதும்; அவை துள்ளி விளையாடும். இப்போது எங்கள் வீட்டில் அவைதான் இருக்கின்றன. அன்புள்ள பெற்றோரே, பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டால் வாங்கித் தாருங்கள். ஆனால் பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம், "இது வளர்ந்தால் எவ்வளவு நீளம் இருக்கும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அன்று எங்கள் அப்பா இதைக் கேட்டிருந்தால் என் மீன் செத்திருக்காது.

— பத்தாம் வகுப்பு மாணவி