ஆயிரம் ரூபாய் மிஸ்

‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தில் மாலைநேரப் பாடம் நடத்துகிற பெண்களுக்கு அரசு வைத்த பெயர் தன்னார்வலர். பிள்ளைகள் வைத்த பெயர் மிஸ். எது சரியான பெயர் என்று தெரிந்துகொள்ள ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். ஒரு வாரம் சாயங்காலம் 5 மணிக்கு ஏதாவது ஒரு திண்ணையில் போய் உட்கார்ந்தால் போதும். நான் எட்டு வாரம் உட்கார்ந்தேன். சமூகப்பணிப் படிப்பின் களப்பயிற்சிக்காக 2022ல் என்னைக் கனகம்மாசத்திரத்தைச் சுற்றியுள்ள சில மையங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவில் நான் கொடுத்த அறிக்கை கல்லூரி அலமாரியில் இருக்கிறது. அந்தப் படிவத்தில் இடமில்லாத சங்கதிகள்தான் இங்கே.

முதலில் திட்டத்துக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுத்தையே மறந்திருந்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் இத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகள், ஒரு மையத்துக்குச் சுமார் 20 பேர், மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் வகுப்பு, வாரத்துக்கு 6 மணி நேரம். சிறு பிள்ளைகளுக்கு நடத்தப் பன்னிரண்டாம் வகுப்பு, பெரிய பிள்ளைகளுக்குப் பட்டம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஏறத்தாழ 2 லட்சம் மையங்கள் வரை வளர்ந்தது. நடத்தியவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

பலன் இருந்ததா? இருந்தது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளியலாளர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்து 2022ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் அது சொல்கிறது. நால்வரில் ஒரு பங்கு வேலை! கோலமிட்ட வாசலில், ஒரு சாக்குப் படுதாவை விரித்து, கரும்பலகைக்குப் பதில் அட்டையை மாட்டிவைத்து இந்தப் பெண்கள் செய்த வேலை. இதைச் செய்தவர்களுக்குத்தான் நாம் ஊழியர் என்ற சொல்லைக்கூடத் தர மறுக்கிறோம்.

திட்டம் வந்தபோது நம் முற்போக்கு மேடைகளில் நடந்த விவாதத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். புதிய கல்விக் கொள்கை கொல்லைப்புறமாக வருகிறது என்றார்கள். தன்னார்வலர் வேஷத்தில் மதவாதிகள் நுழைந்துவிடுவார்கள் என்றார்கள். அந்தக் கவலை வீணானது என்று நான் சொல்லவரவில்லை. 2020இன் கொள்கை ஆவணம் தன்னார்வலர்களைப் பற்றிப் பேசுகிறதுதான். ஆனால் பின்வாசலில் யார் வருகிறார்கள் என்று இத்தனை பேர் காவல் நின்றார்களே, முன்வாசல் வழியாக லட்சக்கணக்கில் பெண்கள் 1,000 ரூபாய்க்கு வந்துகொண்டிருந்ததை அவர்களில் எத்தனை பேர் கேள்வியாக்கினார்கள்? பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது இயற்கை, அதற்கு யாராவது கூலி பேசுவார்களா என்ற நினைப்பு மதவாதிக்கும் முற்போக்காளருக்கும் பொதுவானது. அதனால்தான் அங்கே சண்டையே வரவில்லை.

கனகம்மாசத்திரம் சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் இருக்கிறது. ஊர்ப் பெயரிலேயே ஒரு பெண்ணும் ஒரு சத்திரமும் உண்டு. வழிப்போக்கருக்கு இடம் கொடுத்த தர்மம் பெயராக நின்றுவிட்டது. கையில் இருப்பவர் கொடுத்தால் அது தர்மம். கையில் இல்லாதவளிடமிருந்து ராஜ்ஜியமே வாங்கிக்கொண்டால் அதற்கு என்ன பெயர்?

நான் பார்த்த மையங்களை நடத்தியவர்கள் எல்லாரும் மணமானவர்கள். பி.ஏ., பி.எஸ்.சி. படித்தவர்கள். ஒருவர் பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறி, பல ஆண்டுகளாகக் காத்திருந்தவர். இந்தப் பக்கத்து இளம்பெண்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி பஸ்கள் போகின்றன. கல்யாணம் ஆகி, கையில் குழந்தையும் வந்துவிட்டால் அந்த பஸ் நிற்காது. ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலை மணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்கியது என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது; ஒன்றிய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது; நிறுவனம் பாகுபாடு இல்லை என்று மறுத்தது. யார் சொல்வது சரி என்று அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். இந்த ஊர்ப் பெண்களுக்கு அந்தச் செய்தி ஒன்றும் புதிதில்லை. தாலி ஏறியதும் சந்தை அவளை வேண்டாம் என்கிறது. உடனே அரசு வந்து, வீட்டில் சும்மாதானே இருக்கிறாய், ஆர்வம் உண்டா என்று கேட்கிறது. ஆர்வம் இருக்கத்தான் செய்கிறது. படித்த படிப்பு துருப்பிடிக்கிறதே என்று வேகிறவளுக்கு ஆர்வம் இல்லாமல் இருக்குமா?

சும்மா இருக்கிற நேரமா அது? மாலை 5 முதல் 7 வரை என்று கோட்டையில் உட்கார்ந்து குறித்தவர் அந்த நேரத்தில் எந்த வீட்டு அடுப்பங்கரையையும் எட்டிப்பார்த்திருக்க மாட்டார். தண்ணீர் பிடிப்பது, மாடு கறப்பது, விளக்கேற்றுவது, ராத்திரிக்கு உலை வைப்பது எல்லாம் அந்த நேரத்தில்தான். ஒரு பெண்ணின் நாளிலேயே விலை அதிகமான இரண்டு மணி நேரம் அது. வகுப்பு எடுத்தவர்கள் அந்த வேலைகளை விட்டுவிட்டு வரவில்லை. மூன்று மணிக்கே பாதியை முடித்துவிட்டு, மீதியை எட்டு மணிக்குத் தள்ளினார்கள். ஒரு மாமியார் என் காதுபடவே சொன்னார்: “இன்னாத்துக்கு இந்த ஆயிரம் ரூபாய்க்கு ஊர்ப் பசங்களோட மாரடிக்கிறான்னு நீயே கேளும்மா.” மருமகளைக் குத்துவதற்காகச் சொன்ன சொல்தான். ஆனால் அந்தத் திண்ணையில் தொழிற்சங்கக் கேள்வி கேட்ட ஒரே ஆள் அந்த அம்மாள்.

ஒரு கூட்டத்தில், மேடையில் இருந்தவர் ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பழமொழி சொல்லிக் கைதட்டல் வாங்கினார். தானே வளருகிற பிள்ளை ஒன்றையும் நான் அங்கே பார்க்கவில்லை. மிஸ்ஸின் மூன்று வயது மகன் வகுப்பு நடக்கும்போதெல்லாம் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அவர் கழித்தல் கணக்குப் போட்டுக் காட்டினார்.

கடன் வாங்கிக் கழிப்பதை அவர் சொல்லித்தந்த விதத்தைச் சொல்ல வேண்டும். திருத்தணி வட்டாரம் 1960ல்தான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இங்கே நிறைய. பள்ளியில் தமிழில் சொன்னது விளங்காமல் முழிக்கிற பிள்ளைக்கு இவர் அதையே தெலுங்கில் சொல்லி, பிறகு தமிழுக்குக் கொண்டுவந்து முடிப்பார். பக்கத்து வீட்டில் பால் கடன் வாங்குவதைத்தான் உதாரணமாக எடுப்பார். எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் இதைக் கற்பிப்பதில்லை. என் கல்லூரி கொடுத்த மதிப்பீட்டுப் படிவத்தில் மொழித்திறனுக்குக் கட்டம் கிடையாது. ‘சேவை மனப்பான்மை’ என்று ஒரு கட்டம் இருந்தது: சுமார், நன்று, மிக நன்று. ஆண் பொறியாளரின் வேலையை அவருடைய சேவை மனப்பான்மையை வைத்து அளக்கும் படிவத்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

பாடப் புத்தகத்தில் இல்லாத பாடங்களும் அந்தத் திண்ணையில் நடந்தன. நான்காவது படிக்கும் ஒரு சிறுமி தம்பியைத் தூக்கிக்கொண்டுதான் வருவாள். அவள் வயதுப் பையன்கள் பலர் ஏரிக்கரையில் கிரிக்கெட் ஆடிவிட்டு இஷ்டப்பட்ட நேரத்துக்கு வருவார்கள். இவள் சரியாக 5 மணிக்கு வந்து, 6 மணி அடித்ததும் எழுந்துவிடுவாள். அம்மா வேலையிலிருந்து வருவதற்குள் அரிசி களைந்து வைக்க வேண்டும். முதல் வாரம் இதைக் கவனித்த மிஸ், இரண்டாவது வாரத்திலிருந்து வாசிப்பை அவளிடமிருந்தே தொடங்கினார். யாரும் சொல்லித்தரவில்லை, அவரும் யாருக்கும் விளக்கவில்லை. ஏழாவது படித்த இன்னொரு பெண் வயதுக்கு வந்த பிறகு டவுனுக்கு டியூஷன் அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். இந்த மையத்துக்கு மட்டும் விட்டார்கள். ஏனென்றால் நடத்துவது பெண், பக்கத்துத் தெரு, தெரிந்த முகம். திட்டத்தின் வெற்றிக்கு அதிகாரிகள் ஆயிரம் காரணம் சொல்வார்கள். அந்தப் பெண் வந்ததற்குக் காரணம் மிஸ்ஸுக்கு ஊரில் இருந்த நல்ல பெயர். ஒரு பெண் பத்து வருஷம் தலைகுனிந்து நடந்து சேர்த்த பெயரை அரசு முன்பணமாக வாங்கிக்கொண்டது. அதற்கு வட்டிகூடக் கிடையாது.

எல்லாத் திண்ணைக்கும் எல்லாப் பிள்ளைகளும் போய்விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மையம் யார் வீட்டு வாசலில் என்பதே யார் பிள்ளை வரும் என்பதைத் தீர்மானித்தது. காலனியில் ஒரு மையம், ஊரில் ஒரு மையம் என்று பிரிந்து கிடப்பதைப் பார்த்தேன். ஊர்ப் பிள்ளைகள் காலனி மிஸ்ஸிடம் படிக்க வரவில்லை, அவர் மற்றவரைவிடக் கூடுதலாகப் படித்திருந்தும். வேலையை வீட்டுக்குள் தள்ளிவிடும்போது சாதி தானாக உள்ளே வந்துவிடும். பள்ளிக்கூடம் என்ற பொதுக் கட்டடத்தை நம் முன்னோர் சண்டை போட்டு வாங்கியதே அதற்காகத்தானே?

இப்போது கணக்குக்கு வருவோம். வாரத்துக்கு 6 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 26 மணி. 1,000 ரூபாயை வகுத்தால் மணிக்கு 38 ரூபாய். நூறுநாள் வேலையில் 2021–22ல் தமிழகத்துக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 273 ரூபாய். எட்டு மணிக்கு வகுத்தால் 34 வருகிறது. பார்த்தீர்களா, அதிகம்தான் கொடுக்கிறோம் என்று ஓர் அதிகாரி மார்தட்டலாம். ஆனால் வாரம் 6 மணி என்பது பாடம் நடக்கிற நேரம் மட்டும்தான். அட்டை தயாரிப்பது, வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவது, செல்பேசியில் வருகையைப் பதிவது, கூட்டங்களுக்குப் போவது எல்லாம் இலவசம். இதைவிட முக்கியமான ஒன்று: பட்டம் கேட்டு எடுக்கிற வேலையை மண்வெட்டும் கூலியோடு ஒப்பிட்டுத்தான் நியாயப்படுத்த முடிகிறது என்றால், அந்த ஒப்பீடே வாக்குமூலம்.

2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். வீட்டில் பெண் செய்யும் வேலைக்குக் கணக்கு உண்டு, அது உதவி அல்ல, உரிமை என்று ஒரு மாநில அரசு வாய்விட்டுச் சொன்னது சின்ன விஷயமில்லை. வீட்டு வேலைக்குக் கூலி கேட்டு 1970களில் மரியரோசா தல்லா கொஸ்தாவும் செல்மா ஜேம்சும் சில்வியா ஃபெடரிச்சியும் எழுப்பிய குரலின் ஒரு துளியாவது அந்தச் சொல்லில் இருக்கிறது. நான் அதை மனதார வரவேற்கிறேன். அந்தத் தொகைக்கான விண்ணப்பங்களை முகாம்களில் செல்பேசியில் பதிவு செய்தவர்கள் யார் தெரியுமா? இதே இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள். வீட்டுக்குள் செய்தால் உரிமைத் தொகை, தெருவுக்கு வந்து இருபது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினால் ஊக்கத்தொகை. இரண்டும் அதே 1,000. உரிமை என்ற சொல்லை வாசல்படி தாண்ட விடவில்லை.

இதையெல்லாம் சொன்னால் அறிவொளி இயக்கத்தை எடுத்துக் காட்டுகிற தோழர்கள் உண்டு. நாங்கள் காசு வாங்காமல் வேலை செய்தோமே என்பார்கள். செய்தீர்கள், மறுக்கவில்லை. ஆனால் புதுக்கோட்டையில் 1991ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்தது எழுத்தறிவு மட்டுமா? பெண்கள் கூட்டங்கூட்டமாக சைக்கிள் கற்றார்கள், சைக்கிள் வாங்கக் கடன் கிடைத்தது, கல்குவாரிகள் பெண்கள் குழுக்களின் கைக்குக் குத்தகையாக வந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம், நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில், 1992ல் எழுத்தறிவு வகுப்பில் கூடிய பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அடுத்த ஆண்டே ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. அங்கே பெண்கள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். தங்கள் பாடத்தில் எதைப் பேசுவது என்பதைத் தாங்களே தீர்மானித்தார்கள். இங்கே ஆளுக்கொரு திண்ணை, ஆளுக்கொரு செல்பேசி, மேலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் உத்தரவு. இயக்கத்தின் தியாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் அதிகாரத்தை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெட்டி வேலை.

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2ல் தொடங்கியது. அங்கே வேலை செய்பவர்களுக்கும் ‘மதிப்பூதியம்’ என்றுதான் பெயர். அது கூலிதான், அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 ஏப்ரல் 25ல். ஒரு சொல்லை மாற்ற 47 வருஷம். முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தவர் இடையில் பாட்டியாகி ஓய்வும் பெற்றிருப்பார். இதுபோன்ற திட்டங்களில் வேலை செய்பவர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்சக் கூலி கொடுங்கள் என்று 2013இலேயே 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. ஆட்சிகள் மாறின, பரிந்துரை அங்கேயே கிடக்கிறது.

இந்த வகுப்புகளை மூடு என்று நான் கேட்கவில்லை. மூடினால் முதலில் நிற்கப்போவது அரிசி களையப் போகும் அந்தச் சிறுமியின் படிப்பு. இதை வேலையாக்கு என்கிறேன். நியமன உத்தரவு கொடு. மாதம் 5,000 ரூபாயாவது கொடு. பேறுகால விடுப்பும் காப்பீடும் கொடு. ஆசிரியர் நியமனத்தில் இந்த அனுபவத்துக்கு மதிப்பெண் கொடு. திண்ணையிலிருந்து பள்ளிக் கட்டடத்துக்கு மாற்று. மாலையில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறையில் மின்விளக்கும் கழிப்பறையும் இருக்கின்றன, அங்கே எல்லாத் தெருப் பிள்ளைகளும் வரலாம். 2 லட்சம் பேருக்கு 5,000 என்றால் மாதம் 100 கோடி, ஆண்டுக்கு 1,200 கோடி. உரிமைத் தொகைக்கு ஏறத்தாழ ஒரே மாதத்தில் செலவாகும் பணம் அது. அதைக் குறைத்து இதற்குக் கொடு என்பதல்ல என் பேச்சு. நிதி இல்லை என்ற பதிலை இனிமேல் சொல்லாதே என்பதுதான்.

ஆசிரியர் தினமாக நாடு கொண்டாடும் செப்டம்பர் 5ல் பிறந்த ராதாகிருஷ்ணனின் சொந்த ஊர், இந்தத் திண்ணைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் திருத்தணி. ஆகஸ்ட் கடைசியிலேயே பிள்ளைகள் காசு சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள், மிஸ்ஸுக்குப் பேனா வாங்க. நீல மையா கறுப்பு மையா என்று இரண்டு நாள் சண்டை நடந்தது.