படத்தில் நிற்பவரும் அடங்கலில் ஏறாதவரும்



வெள்ளம் வந்தால் பின்னாலேயே அமைச்சர் வருவார். அவருக்கு முன்னால் கேமரா வந்து நிற்கும். நமக்குப் பழகிப்போன சங்கதிதான். ஆனால் இந்த வித்தையை நம்மூர்க் கட்சிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. போட்டோவே இல்லாத காலத்தில், ஓவியருக்குக் கூலி கொடுத்து இதைச் செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள்.

பிரான்சு தேசத்துக் கதை இது. 1799-இல் நெப்போலியன் யாஃபா என்ற ஊரில் படையோடு இருந்தபோது சிப்பாய்களுக்குக் கொள்ளைநோய் கண்டது. நோயாளிகளை அவர் போய்ப் பார்த்தது உண்மை. பிழைக்கமாட்டாத சிப்பாய்களுக்கு விஷம் கொடுக்கச் சொன்னார் என்ற பேச்சும் பரவியது. அந்தப் பேச்சை அமுக்க வேண்டாமா? 1804-இல், அவர் முடிசூட்டிக்கொண்ட அதே வருஷம், குரோ என்ற ஓவியர் ஒரு பெரிய படத்தைக் காட்சிக்கு வைத்தார். அதில் நெப்போலியன் நோயாளியின் கட்டியை வெறுங்கையால் தொடுகிறார். பக்கத்தில் நிற்கும் அதிகாரி துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறார்!

அவருடைய தம்பி மகன் மூன்றாம் நெப்போலியன். 1851-இல் ராணுவத்தை வைத்து ஆட்சியைப் பிடித்து, அடுத்த வருஷம் பேரரசரானவர். 1856 ஜூன் வாக்கில் ரோன் நதி கரையை உடைத்துக்கொண்டு ஊர் ஊராகப் புகுந்தது. பேரரசர் நேரில் போனார். தராஸ்கோன் என்ற ஊரில் வெள்ளத்தில் தவித்த ஜனங்களை அவர் பார்க்கும் காட்சியை அரசாங்கமே பூகெரோ என்ற இளம் ஓவியரிடம் சொல்லி வரைய வைத்தது. கைதேர்ந்த வேலைக்காரர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த வகைப் படங்களுக்கென்று ஒரு அச்சு உண்டு. ஆள்பவர் நடுவில் நிற்பார், வெளிச்சம் அவர் மேல் விழும். தாயும் பிள்ளையும் கிழவனும் காலடியில் கையேந்துவார்கள். ஒருத்தர்கூட கேள்வி கேட்கமாட்டார். கரை ஏன் உடைந்தது என்பதற்கு அந்தப் படத்தில் இடமே கிடையாது.

அதே பேரரசர் அந்த வருஷம் ஜூலை 19-ஆம் தேதி தன் பொதுப்பணி மந்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார். வெள்ளம் மலையிலிருந்துதான் வருகிறது, அதை மேலேயே தடுத்து நிதானமாக விடவேண்டும், கீழே கரையை மட்டும் உசத்திக்கொண்டே போனால் போதாது என்பது அதன் சாரம். 1858-இல் ஒரு சட்டமும் வந்தது. பெரிய நதிகளின் வெள்ளம் பரவும் நிலத்தில் அரசாங்கத்துக்குத் தெரிவிக்காமல் யாரும் கரை எழுப்பக்கூடாது என்றது அது. எங்களைக் கேட்டால், அந்தப் படத்தைவிட இந்த ரெண்டு காகிதமும் ஆயிரம் மடங்கு பெரிசு.

இப்போ நம்ம பக்கம் வருவோம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி கொட்டிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. 3-ஆம் தேதி பிரதமர் ஆகாயத்திலிருந்து பார்வையிட்டார். அவர் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்க்கும் படத்தை மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் வெளியிட்டது. அசல் படத்தில் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் மங்கல். வெளியிட்ட படத்திலோ தண்ணீரில் மூழ்கிய வீடுகள் பளிச்சென்று தெரிந்தன. வேறொரு படத்தை ஒட்டியிருந்தார்கள்! ஊர் சிரித்த பிறகு படத்தை எடுத்துவிட்டு வருத்தம் தெரிவித்தார்கள். வெளியே மூழ்கிக் கிடந்தது நம்ம ஊர். அதைக்கூட ஒட்டித்தான் காட்ட வேண்டியிருந்தது!

எங்கள் செம்பாக்கம் ஏரி ஒரு காலத்தில் நெல்லுக்குத் தண்ணீர் கொடுத்தது. கலங்கல் வழிந்தால் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கி பள்ளிக்கரணை சதுப்பில் சேரும். இது சங்கிலி மாதிரி. ஒரு கண்ணியில் வரத்துக்கால் தூர்ந்தாலும், போக்குக்கால் மேல் கட்டடம் ஏறினாலும் தண்ணீர் தெருவுக்குத்தான் வரும். அது அளக்கிற வேலை, தோண்டுகிற வேலை. அதற்கு எந்த ஓவியரும் வரமாட்டார்.

பயிர்ச்சேதக் கதையும் இதேதான். 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருந்தால்தான் நிவாரணம். வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து வயலில் இறங்கிக் கணக்கெடுக்க வேண்டும். தலைவர் வருகிற அன்றைக்கு அத்தனை ஆபீசர்களும் பந்தலில் நிற்பார்கள். தண்ணீர் வடிந்த பிறகு வந்து, “பயிர் நல்லாத்தானே நிக்குது”ன்னு எழுதினால் என்ன செய்வது? குத்தகைக்கு உழுதவன் பேர் அடங்கலில் இல்லை என்றால் அவன் கணக்கிலேயே வரமாட்டான். அவனை உட்கார வைத்து போர்வை கொடுத்து போட்டோ எடுப்பதில் மட்டும் யாருக்கும் தடை இல்லை.

அதனால், வெள்ளம் வடியும் முன்பே கணக்கெடுக்க வேண்டும் என்கிறோம். யார் உழுதாரோ அவர் பெயரை அடங்கலில் ஏற்ற வேண்டும். வரத்துக்காலையும் போக்குக்காலையும் சர்வே நம்பரோடு அளந்து, ஆக்கிரமிப்புப் பட்டியலைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்ட வேண்டும். அடுத்த மாதக் குறைதீர் கூட்டத்துக்குக் கலெக்டர் ஆபீசுக்கு வரும்போது ஒவ்வொருத்தரும் சிட்டா நகலையும், தூர்ந்துபோன உங்க ஊர்க் கால்வாயின் சர்வே நம்பரையும் எழுதிக்கொண்டு வாங்க. மனுவுக்கு ரசீது வாங்காமல் யாரும் திரும்ப வேண்டாம்.