ரோசி பெயரிலான விழாவும் புத்தலப்பட்டும்

தலித் வரலாற்று மாதமாகக் கொண்டாடப்படும் ஏப்ரலில் சென்னையில் பி.கே. ரோசி திரைப்பட விழா நடக்கிறது. நடத்துவது இயக்குநர் பா. இரஞ்சித் தொடங்கிய நீலம் பண்பாட்டு மையம். ரோசி, மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' படத்தின் நாயகி. ஜே.சி. டேனியல் எடுத்த அந்தப் படம் திருவனந்தபுரம் கேபிடல் அரங்கில் வெளியான ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இருவிதமாகச் சொல்லப்படுகிறது. புலையர் சமூகத்துப் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று கொதித்தவர்கள் கல்லெறிந்து திரையைக் கிழித்தார்கள். ரோசி லாரியேறித் தமிழ்ப் பகுதிக்குத் தப்பி வந்து, ராஜம்மாள் என்ற பெயரில் மிச்ச காலத்தைக் கழித்தார். படத்தின் பிரதியும் மிஞ்சவில்லை. கேரளத்துப் பெண் திரைக்கலைஞர்களின் கூட்டமைப்பு 2019இல் தொடங்கிய திரைப்படச் சங்கத்துக்கும் இவர் பெயர்தான்.

இதுபோல ஒதுக்கப்பட்ட சமூகத்து இளைஞர்களுக்கென்று தனி விழா எதற்கு, நல்ல படத்துக்குப் பொது விழாவிலேயே இடம் கிடைக்காதா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. கிடைத்திருக்கிறது. வறுமையால் படிப்பை விட்டு மதுரைப் பூச்சந்தையில் வேலை பார்த்த பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. சோலாப்பூர் மாவட்டத்து வடார் சமூகக் குடும்பத்தில் பிறந்த நாக்ராஜ் மஞ்சுளே 'பிஸ்துல்யா' குறும்படத்துக்குத் தேசிய விருது பெற்ற பிறகே 'ஃபன்றி' (2013) எடுத்தார். ஆனால் தப்பி வந்த ஓரிருவரைக் காட்டி எல்லாருக்கும் கதவு திறந்திருப்பதாகச் சொல்வது நம் பழைய பழக்கம்.

படம் பிடிக்க இப்போது கைபேசி போதும் என்பது பாதி உண்மை. செலவு படப்பிடிப்புக்குப் பின்னால்தான் வரிசையாக வருகிறது: ஒலிக்கலவை, நிறத்திருத்தம், ஆங்கில சப்டைட்டில், பெரிய திரைக்கான டிஜிட்டல் பிரதி (டிசிபி), அதன்பின் வெளிநாட்டு விழாக்களுக்கு டாலரில் கட்டும் நுழைவுக் கட்டணம். தேர்வாகாத படத்துக்கும் கட்டணம் திரும்பாது. சினிமாவுக்குள் வேலை தேடுபவருக்கோ செலவு வேறுவகை. உதவி இயக்குநராகச் சேர்வதற்குள் வருஷங்கள் ஓடிவிடும், சேர்ந்த பிறகும் பேட்டாவை நம்பிக் காலம் தள்ள முடியாது. வீட்டிலிருந்து பணம் வருபவரால் காத்திருக்க முடிகிறது. கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை பாதியில் ஊர் திரும்புகிறது. திறமையில்லாமல் திரும்பியவர் என்று அதற்குப் பெயர் வேறு. நீலம் தரப்பு கூகை திரைப்பட இயக்கத்தின் வழியே உதவி இயக்குநர்கள் உட்கார்ந்து படிக்கவும் பேசவும் சென்னையில் ஒரு நூலகம் அமைத்ததை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். அது விழாவைவிடப் பெரிய உதவி.

விழா என்றால் சென்னைதான் என்ற கணக்கும் அவசியமில்லை. அமுதன் ஆர்.பி.யின் 'மறுபக்கம்' 1998 முதல் மதுரையை மையமாக வைத்தே ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்திவந்திருக்கிறது. படமெடுக்கவும் நகரம் தேவையில்லை: தெலங்கானாவின் ஜகீராபாத் அருகே பஸ்தாபூரில் தக்காண வளர்ச்சிச் சங்கம் எழுத்தறிவற்ற தலித் விவசாயப் பெண்களுக்குக் கேமரா கற்றுக்கொடுத்தது. மரபணு மாற்றிய பி.டி. பருத்தியைப் பயிரிட்ட வாரங்கல் விவசாயிகளின் நஷ்டத்தை அவர்கள் எடுத்த படம் வெளிநாடுகள்வரை போயிற்று.

சட்டமும் குறுக்கே நிற்கும். 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி தணிக்கைச் சான்று இல்லாத படத்தை விழாவில் காட்ட ஒன்றிய அரசின் விலக்கு தேவை. 2017இல் கேரளத்தின் ஆவணப்பட, குறும்பட விழாவில் மூன்று படங்களுக்கு அந்த விலக்கு மறுக்கப்பட்டது. அவற்றில் ஒன்று, ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரியில் உயிரிழந்த ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவைப் பற்றியது. சிறிய விழாக்கள் இப்படிப்பட்ட படங்களைக் கேட்கும்முன்பே தயங்குகின்றன. தயக்கத்துக்கு எந்த ஆவணமும் இருக்காது.

இந்தத் தடைகளெல்லாம் சேரும் இடத்துக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஆந்திரத்தில், சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில் இருக்கிறது புத்தலப்பட்டு. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. மாந்தோப்புகள் நிறைந்த பக்கம், காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலும் இதே தொகுதிக்குள்தான். சென்னை சில மணி நேரப் பேருந்துப் பயணம், சொந்த மாநிலத் தெலுங்கு சினிமாவின் ஐதராபாத்தோ ஓர் இரவு தூரம். 1960 எல்லை மாற்றத்தில் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போக, சித்தூர் ஆந்திரத்தில் தங்கியது. ஆனாலும் இந்த மாவட்டத்தில் ஒரே வாக்கியத்துக்குள் தமிழும் தெலுங்கும் கலந்து வருவது சாதாரணம். சித்தூர்ப் பேச்சைப் பிரபலமாக்கிய 'புஷ்பா' (2021) படத்தின் காட்டுக் காட்சிகள் பெரும்பாலும் கோதாவரிப் பக்கத்து மாரேடுமில்லியில் எடுக்கப்பட்டவை. பேச்சு புகழ் பெற்றது, பேசும் ஊருக்குக் கேமரா வரவில்லை. அதே ஆண்டு வந்த 'சினிமா பண்டி'யில் ஆந்திர-கர்நாடக எல்லைக் கிராமத்து ஆட்டோ ஓட்டுநர், வண்டியில் யாரோ விட்டுப்போன கேமராவால் படம் எடுக்கக் கிளம்புகிறார். கதையிலும் கேமரா தற்செயலாகத்தான் கிடைக்கிறது.

புத்தலப்பட்டு எஸ்.சி. காலனியிலிருந்து ஒருவர் எடுக்கும் குறும்படம் எந்த மொழிப் படம் என்பதே முதல் சிக்கலாகும். சென்னை விழா அதைத் தெலுங்கு என்று தள்ளக்கூடாது, ஐதராபாத் விழா தமிழ் வாடை என்று சிரிக்கக்கூடாது. நுழைவுக் கட்டணத்தை நீக்குவது எளிது, பல விழாக்கள் செய்வதுதான். சப்டைட்டிலுக்கும் ஒலிக்கலவைக்கும் ஆகும் பணத்தைத் தேர்வுக்கு முன்பே தருவதும், வரப்போக ஆகும் செலவோடு படமெடுத்தவர் இழக்கும் கூலியையும் ஈடுகட்டுவதும்தான் அரிது. கேடயத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் போகும் தொகையில் இதற்கு ஒரு பங்கு எடுக்கலாம். விழா முடிந்த மாதத்தில் அந்தப் படத்தை அந்தக் காலனியிலேயே திரைகட்டிக் காட்ட ஒரு புரொஜெக்டரும் ஒலிபெருக்கியும் ஓர் இரவு வாடகைக்கு வேண்டும். விழாவின் வரவுசெலவுக் கணக்கில் அந்த வாடகையும் ஒரு வரியாக ஏற வேண்டும்.