சிக்கனம் யாருக்கு உபதேசம்?

சிறிய மோட்டார் சைக்கிளுக்கு மாறினால் எரிபொருட் செலவு குறையுமென உபதேசிக்கும் கனவான்களே! கொக்குவிலுக்கு இப்பாடம் புதிதன்று. 1990களின் பொருளாதாரத் தடையிலே மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மண் இது.

கணக்கைப் பாருங்கள். 2022 தொடக்கத்தில் ஒரு லீற்றர் பெற்றோல் 177 ரூபா. யூன் இறுதியில் 470. ஒரு லீற்றரில் இருமடங்கு தூரம் ஓடும் வண்டிக்கு மாறியவனும் முன்னையினும் அதிகமாகவே செலவழித்தான். யூலையில் வந்த வாராந்தப் பங்கீட்டிலோ காருக்கு 20 லீற்றர், அவனுக்கு 4.

நானும் சிறிய வண்டியிலேதான் பாடசாலை செல்கிறேன். அது என் தேவை; நாட்டின் தீர்வன்று. காங்கேசன்துறை வீதியில் நேரந்தவறாத பஸ் ஓடட்டும். அதுவே மெய்யான சிக்கனம். எந்த வண்டியும் வாங்க வழியற்று நடந்துவரும் என் மாணவனுக்கு எந்தச் சிக்கனத்தைப் போதிப்பீர்கள்?