தூரத்தில் நின்று காலை வாரலாமா?

பக்கத்தில் நிற்பவன் காலை வாருவது பெரிய வித்தையில்லை. இருபது, முப்பது அடி தள்ளி ஓடுகிறவன் காலை எப்படி வாருவது? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 3.5 பதிப்பு (2003) இதற்கென்றே ஒரு ஆயுதம் வைத்திருந்தது. பெயர் போலாஸ். கயிற்று முனைகளில் கட்டிய குண்டுகள், விலை 5 தங்கக்காசு. தென் அமெரிக்காவின் பாம்பாஸ் புல்வெளியில் கௌச்சோக்கள் மாட்டையும் குதிரையையும் பிடிக்கச் சுழற்றி எறிந்தார்களே, அதே சாமான்தான். (அங்கே போன சார்லஸ் டார்வின் ஆசையாகச் சுழற்றிப் பார்த்து, தன் குதிரையின் காலிலேயே மாட்டிவிட்டார். கௌச்சோக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.)

சரி, விதிக்கு வருவோம். முதலில் எதிராளியைத் தொடுகிற மாதிரி பட்டால் போதும்; கவசம் கணக்கில் வராது. இதுவரை நியாயம். அப்புறம்தான் வில்லங்கம். கைக்கெட்டும் தூரத்துக்கு எழுதிய விதியை அப்படியே தூக்கி இங்கேயும் போட்டுவிட்டார்கள். வீசியவரின் உடல்பலம் ஒரு பக்கம். எதிராளியின் பலம் அல்லது சுறுசுறுப்பு, எது அதிகமோ அது மறுபக்கம். இரண்டும் பகடையோடு மோத வேண்டும். உருவம் ஒரு படி பெரிதானால் கூடுதலாக 4. இரண்டு காலுக்கு மேல் இருந்தால் இன்னொரு 4.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பலம் 14 உள்ள மனிதன், பலம் 14 உள்ள சாதாரணக் குதிரை. மனிதனுக்கு 2, குதிரைக்கு 10. குண்டு சரியாகப் பட்ட பிறகும் குதிரை விழுவது ஆறு தடவையில் ஒரு தடவை! நாலு கால் பிராணிக்காகவே பிறந்த ஆயுதம், நாலு கால் பிராணியிடம்தான் தோற்கிறது. ஓடும் கால் அதன் வேகத்தாலேயே கயிற்றில் சிக்கும் என்பது விதி எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை போலும்.

ஹாஃப்லிங் கதை இன்னும் பரிதாபம். எறியும் ஆயுதத்தில் அந்த இனத்துக்குப் பிறவியிலேயே 1 கூடுதல். ஆனால் உருவம் சிறிது என்று இழுபறியில் 4 கழித்துவிடுவார்கள். குறி தப்பாது, ஆள் விழ மாட்டான்.

இதைப் பழக ஒரு ஃபீட் முழுதாகச் செலவாகிறது. வரவு என்ன? தூரத்தில் விழுந்தவன் எழுந்துகொள்ள ஒரு நகர்வு போதும். எழும்போது அடிக்கப் பக்கத்தில் யாரும் இல்லை. போதாததற்கு, படுத்துக் கிடப்பவன் மேல் அம்பு விடுவது கடினம் என்று அவனுக்கு 4 பாதுகாப்பு வேறு. கூட நிற்கும் வில்லாளி முறைப்பது நியாயம்தானே? ஓடுகிறவனை நிறுத்த மட்டும்தான் லாபம்.

இது வெறும் ஆட்டம், இவ்வளவு பார்க்கலாமா என்று சில டன்ஜன் மாஸ்டர்கள் கேட்பார்கள். அந்த ஃபீட்டை நம்பி மாதக்கணக்கில் ஒரு பாத்திரத்தை வளர்த்தவரிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

2024 விதிகளில் காற்று மாறியது. அதில் திரிசூலத்துக்கு எதிரியைக் கவிழ்க்கும் குணம் உண்டு. அதை அறுபது அடிவரை எறியவும் செய்யலாம். எத்தனை கால் என்ற கேள்வியே கிடையாது. ஆனால் எதிராளி விழாமல் தப்பிக்க உருட்டுவது உடல் உறுதியை! தடுக்கி விழுவதற்கும் உடல் உறுதிக்கும் என்ன சம்பந்தமோ. அதுவரை 3.5 ஆடும் மேஜைகள் ஒன்று செய்யலாம்: எதிராளி ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கால் கணக்கு 4-ஐ அடித்துவிட்டு, வீசியவரின் பலத்துக்குப் பதிலாகச் சுறுசுறுப்பை எடுத்துக்கொள்ளலாம். நின்றுகொண்டிருந்தால் பழைய விதியே இருக்கட்டும்.