வெறுப்புக் குற்றமும் சட்டத்தின் பட்டியலும்

கொக்கட்டிச்சோலையில் ஜுன் 12 ஆம் திகதியும், வாவியின் மறுகரையிலுள்ள காத்தான்குடியில் ஆகஸ்ட் 3 ஆம் திகதியும் துயர நாட்களாக நினைவுகூரப்பட்டு வருகின்றன. ஒரே வாவியின் இரு கரைகளிலும் அடுத்தடுத்த ஆண்டுகளில் அப்பாவி மக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். அவர்கள் தனிப்பட்ட எவருக்கும் தீங்கிழைத்தவர்கள் அல்லர். அவர்கள் யார் என்பதே அவர்களது குற்றமாகக் கொள்ளப்பட்டது. அத்தகைய வெறுப்புக் குற்றங்களுக்கு எதிராக நாட்டில் முறையான சட்டமொன்று தேவை என்ற குரல் நீண்டகாலமாகவே ஒலித்து வருகின்றது. ஆனால், அச்சட்டம் எவ்வெவ் அடையாளங்களைப் பாதுகாக்க வேண்டும் என்ற வினாவுக்கு இன்னும் தெளிவான விடை காணப்படவில்லை.

1991 ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை முதலில் நோக்குவோம். கண்ணிவெடியில் படையினர் உயிரிழந்ததை அடுத்து மகிழடித்தீவு, முதலைக்குடா உள்ளிட்ட கிராமங்களின் மக்கள் வேட்டையாடப்பட்டனர். நெல் ஆலையொன்றில் தஞ்சம் புகுந்தவர்களும் தப்பவில்லை. கொல்லப்பட்டோர் 152 பேர் எனப் பிரதேச மக்கள் கூறினர். அரசு நியமித்த விசாரணை ஆணைக்குழு 67 பேர் என்றது. பின்னர் இராணுவ நீதிமன்றத்தில் கட்டளை அதிகாரி மாத்திரம், படையினரைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்காகவும் சடலங்களை முறைகேடாக அகற்றியமைக்காகவும் குற்றவாளியாகக் காணப்பட்டார். ஏனையோர் விடுவிக்கப்பட்டனர். கொலை என்ற குற்றத்திற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

அம்மக்கள் எதற்காகக் கொல்லப்பட்டனர்? தமிழர் என்பதற்காக என்பது ஒரு விடை. படுவான்கரையில் வசித்தமைக்காக, அதனாலேயே புலிகளின் ஆதரவாளர்கள் எனக் கருதப்பட்டமைக்காக என்பது மற்றொரு விடை. 1990 ஆம் ஆண்டு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் ஈடுபட்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் கொன்றபோது, கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் பேசிய மொழி ஒன்றே. அங்கு முஸ்லிம் என்ற அடையாளமே இலக்காயிற்று. ஆக, இலக்கு வைக்கப்படும் அடையாளம் இடத்துக்கு இடம் மாறுபடுகின்றது.

எமது சட்டங்களோ இவ்வுண்மையை உள்வாங்கவில்லை. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க சிவில், அரசியல் உரிமைகள் தொடர்பான சட்டத்தின் 3 ஆம் பிரிவு தேசிய, இன, மத வெறுப்பைத் தூண்டுவதையே குற்றமாக்குகின்றது. மொழி, சாதி, பால், அரசியல் அபிப்பிராயம், பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையிலான பாரபட்சத்தையும் அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை தடை செய்துள்ள போதிலும், குற்றவியல் சட்டத்தில் அவற்றுக்குரிய இடம் கிடைக்கவில்லை.

இங்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, பாதிக்கப்படும் சமூகத்தைப் பெயர் குறிப்பிட்டுப் பாதுகாப்பது. இந்தியாவின் 1989 ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இவ்வகையானது. சாதிக்கொடுமை மேலிருந்து கீழ்நோக்கியே பாய்வதால் அது அங்கு நியாயமானதே. மற்றையது, எவர் உடையதாயினும் அடையாளத்தைப் பாதுகாப்பது. பிரித்தானியாவின் 1998 ஆம் ஆண்டுச் சட்டம் இனத்துடன் தொடங்கியது. பின்னர் மதம், அங்கவீனம், பாலியல் நாட்டம் ஆகியனவும் அங்கு சட்டத்தின் கவனத்திற்குள் வந்தன. பாதிக்கப்பட்டவர் அக்குழுவைச் சேர்ந்தவராக இல்லாவிடினும், தாக்கியவர் அவ்வாறு கருதியிருந்தாலே போதுமானது என்பது அச்சட்டத்தின் சிறப்பாகும். கொக்கட்டிச்சோலைக்கும் காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் சத்துருக்கொண்டானுக்கும் பொருந்துவது இவ்வழியே. தமிழருக்கு ஒரு சட்டம், முஸ்லிம்களுக்கு ஒரு சட்டம் என்பது புதிய பிளவுகளுக்கே வித்திடும்.

பட்டியலை நீட்டினால் அது அதிகாரத்தின் கையில் ஆயுதமாகிவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. 2019 ஆம் ஆண்டில் சிறுகதை எழுதிய சிங்கள எழுத்தாளர் ஒருவரும், 2020 ஆம் ஆண்டில் முகநூலில் கருத்திட்ட முஸ்லிம் எழுத்தாளர் ஒருவரும் மேற்படி 3 ஆம் பிரிவின் பெயரால் மாதக்கணக்கில் சிறையிருந்தனர். பின்னையவரின் உரிமைகள் மீறப்பட்டதாக 2023 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில், தென்பகுதித் தமிழர்கள் வெட்டப்படுவர் என மட்டக்களப்பு விகாராதிபதி ஒருவர் பகிரங்கமாகக் கூறியபோது சட்டம் அந்த வேகத்தைக் காட்டவில்லை.

ஆகவே, பேச்சையும் வன்செயலையும் வேறுபடுத்தி நோக்குதல் அவசியமாகும். பேச்சுக்கான குற்றம் குறுகியதாக, வன்முறையைத் தூண்டுவதுடன் நேரடியாகப் பிணைந்ததாக இருத்தல் வேண்டும். இல்லையேல், அரசியல்வாதிகளை விமர்சிப்பதும் அரசியல் அபிப்பிராயத்தின் மீதான வெறுப்பாகிவிடும். கொலை, தாக்குதல், தீவைப்பு போன்ற ஏற்கெனவே குற்றமாகவுள்ள செயல்களுக்கோ பட்டியல் விரிவானதாக அமைய வேண்டும். அங்கு எந்தக் கருத்தும் தண்டிக்கப்படுவதில்லை. குற்றத்தின் நோக்கம் மாத்திரமே தண்டனையைக் கூட்டுகின்றது. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் ஆடைக்காகத் துன்புறுத்தப்பட்ட முஸ்லிம் பெண் மதத்தாலும் பாலாலும் ஒருசேர இலக்கானவர். சாதியின் பெயரால் தாக்கப்படுபவரும், அங்கவீனரும், பாலியல் நாட்டத்தின் பேரில் அடிக்கப்படுபவரும் இப்பட்டியலில் இடம்பெற வேண்டியவர்களே. ஒருவரது வாழ்க்கை முறையை ஏற்றுக்கொள்வது வேறு, அவர் தாக்கப்படலாகாது என்பது வேறு.

எனினும், பட்டியல் மாத்திரம் நீதியைத் தந்துவிடாது. 1991 ஆம் ஆண்டிலும் கொலை தண்டனைச் சட்டக்கோவையில் குற்றமாகவே இருந்தது. இல்லாதிருந்தது, சீருடை அணிந்தவரையும் சிவில் நீதிமன்றத்தில் நிறுத்தும் துணிவேயாகும். எனவே இனம், மதம், மொழி, சாதி, பால், வதிவிடம், அரசியல் அபிப்பிராயம் என்பனவற்றுடன் மேற்கூறிய ஏனைய அடையாளங்களையும் உள்ளடக்கியதாகவும், படையினருக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் சமமாகப் பொருந்துவதாகவும் சட்டமூலமொன்றை அரசு முன்வைக்க வேண்டும் என வலியுறுத்துகின்றோம். தமிழ், முஸ்லிம் மக்கள் பிரதிநிதிகள் தத்தமது சமூகத்தின் காயத்தை மாத்திரம் பேசாது, இதனை ஒரே குரலில் கோருவார்களேயானால் அதுவே இரு கரைகளிலும் மாண்டோருக்குச் செய்யும் பெரும் கைம்மாறாக அமையும்.